பூசணிக்காய் கட்டாத வாசல்

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் சுற்றறிக்கை ஒன்று போன வாரம் கதவுக்கு அடியில் கிடந்தது. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் ஹாலோவீன். வீட்டுக்கு ஒருவர் பேய்க்கதை சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேற்படக் கூடாது. தாளில் எண் இல்லை, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. ரெவின்யூ இலாகாவில் வாழ்நாளைக் கழித்தவன் அப்படிப்பட்ட தாளுக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவன் அல்ல. ஆனால் சங்கத்தின் செயலாளர் லிஃப்டில் மடக்கிவிட்டார்.

"நீங்க அந்தக் காலத்து ஆளு, சார். ஒரு நல்ல பேய்க்கதைகூடவா தெரியாது?"

தெரியும். ஒன்றே ஒன்று. அதுவும் அமெரிக்கப் பேய். கடைசியாக அதை நான் சொன்னபோது திருப்பதியில் இந்தக் கட்டடம் நிற்கும் இடம் புளியந்தோப்பாக இருந்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு சர்க்கார்களும் இழுபறி நடத்திக்கொண்டிருந்த காலம். மாடிக்குப் போக மாட்டேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். காரணம் ஐந்து நிமிஷத்துக்கு மேற்படும் என்றேன்.

நாங்கள் சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். மிஷன் பள்ளியில் எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்தவர் ஓர் அமெரிக்க அம்மையார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம். வருஷத்தில் ஒரு நாள், அக்டோபர் கடைசித் தேதி சாயங்காலம், பழைய மாணவர்களைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார். மேசை நடுவில் ஒரு பரங்கிக்காய். குடைந்து, கண்ணும் மூக்கும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பார். எங்களுக்கு அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு வாசல் நிலைக்கு மேலே பூசணிக்காயில் முழிகண்ணும் கோரைப்பல்லும் எழுதிக் கட்டித் தொங்கவிடுவதுதான் வழக்கம். தீயது எதுவும் உள்ளே நுழையாமல் இருக்க. அமெரிக்காவில் அதை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தோம். சபை மூப்பர்களுக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் சம்மதமில்லை. ஞானோபதேசத்தில் பேய்க்கு இடமில்லை என்பது அவர்கள் கட்சி. ஆனால் கேக்குக்கு இடமிருந்ததால் அவர்களும் வந்தார்கள்.

தேநீர் முடிந்ததும் அம்மையார் அந்தக் கதையைச் சொல்வார். வருஷா வருஷம் அதே கதை. அவர் பிறந்த ஊருக்கு வெளியே ஆற்றோரத்தில் சாலை ஒரு வளைவு வளையும். மழை நாள் ஒன்றில் ஒரு வாலிபன் காரில் வருகிறான். வளைவில் மெல்லிய உடுப்போடு ஒரு பெண் நனைந்துகொண்டு நிற்கிறாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். தெருப் பெயரும் வீட்டு எண்ணும் தெளிவாகச் சொல்கிறாள். அவளைப் பின் ஸீட்டில் ஏற்றிக்கொள்கிறான். வீடு வந்து திரும்பிப் பார்த்தால் அவள் இல்லை. ஸீட்டு மட்டும் ஈரமாக இருக்கிறது. கதவைத் தட்டுகிறான். ஒரு வயதான அம்மாள் திறந்து, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும், தம்பி. அவள் என் மகள். அந்த வளைவில் செத்துப்போய்ப் பல வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு வரப் பார்க்கிறாள். வாசல்வரை வந்துவிடுகிறாள்; உள்ளேதான் வர முடியவில்லை" என்கிறாள்.

அம்மையார் தமிழில்தான் சொல்வார். 'ஈரமாக இருக்கிறது' என்று சொல்லும்போது நாற்காலியை உள்ளங்கையால் தடவுவார். எழுந்து போகும்போது நாங்கள் எல்லோரும் எங்கள் நாற்காலிகளைத் தொட்டுப் பார்ப்போம், மூப்பர்கள் உட்பட.

இந்தக் கதைக்கு ஒரு விதி உண்டு என்று ஒருமுறை சொன்னார். கேட்பவர்களுக்குத் தெரிந்த சாலையில் அதை நடத்த வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வோர் ஊர்க்காரரும் அது தங்கள் ஊரில் நடந்ததாகவே சொல்வார்களாம். யாருக்கும் தெரியாத சாலையில் நின்றால் அந்தப் பெண்ணை யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். விதிகளை மதிக்கிறவன் நான். அதுதான் பிசகிவிட்டது.

படிப்பு முடிந்து புத்தூர் தாலூகா கச்சேரியில் குமாஸ்தா ஆனேன். அந்த வருஷம் என் மேசைக்கு வந்ததெல்லாம் எல்லை சம்பந்தமான அர்ஜிகள். எங்களைச் சென்னை ராஜ்யத்தில் சேர்த்துவிடுங்கள், எங்களை இங்கேயே வைத்திருங்கள் என்று ஒவ்வொரு கிராமமும் கைரேகை பதித்து அனுப்பும். என் வேலை அவற்றைப் படிப்பது அல்ல. எண் கொடுத்து மேலே அனுப்புவது.

அக்டோபர் கடைசித் தேதி வந்தது. சித்தூருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. மத்தியானம் டிபன் டப்பாக்களைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வெளியே மழை. கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு டாக்டர் நாகலாபுரம் பெருமாளைச் சேவித்துவிட்டுக் காரில் வருகிறார் என்று வைத்தேன். வளைவில் பெண் நிற்கிறாள். வீட்டு முகவரி சொல்கிறாள். இங்கேதான் குமாஸ்தா புத்தி வேலை செய்தது. முழு முகவரி இல்லாத விஷயத்தை எனக்குச் சொல்லத் தெரியாது. எதிரே ஓர் அர்ஜி கிடந்தது. அதன் தலைப்பில் இருந்த கிராமத்தின் பெயரை அப்படியே வாசித்தேன். சித்தூர் ஜில்லா, புத்தூர் தாலூகா, இன்ன கிராமம். வீட்டுக்கு அடையாளம் வேண்டுமே. கிழக்குத் தெருக்கோடி, தனி வீடு, தாய் மட்டும் என்று கைச்சரக்கைச் சேர்த்தேன். (கிராமத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை வாயால் சொன்னது போதும்.)

கதை முடிந்ததும் ஹெட்கிளார்க் ஊறுகாய் விரலை நக்கிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொண்ணுக்குத் தாய்மொழி இன்னான்னு எழுதறது? தமிழா, தெலுங்கா?"

"சாகறதுக்கு முன்ன இன்னா பேசிக்கினு இருந்தாளோ அதான், சார்" என்றார் இன்னொருவர்.

"செத்த பின்னால மாத்திக்கினா?"

எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் நின்ற டவாலிச் சேவகர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அந்தக் கிராமத்துக்கு இரண்டு மைல் தள்ளி இருக்கும் ஊர்க்காரர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பதினைந்து நாள் கழித்து அந்த டவாலி ஓர் அம்மாளை என் மேசைக்கு அழைத்துவந்து நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும். நடந்தே வந்திருக்கிறார் என்பது பாதத்தில் தெரிந்தது. சேற்றுக்காலோடு உள்ளே வரத் தயங்கி, பிறகு வந்துவிட்டார்.

"நீதானா நைனா அது? எம் பொண்ண கார்ல ஏத்திக்கினு வந்தது?"

கதை அவ்வளவு தூரம் நடந்ததில் டாக்டர் எங்கோ இறங்கிப் போயிருந்தார். இப்போது காரோட்டியது நான். சைக்கிள்கூட வாடகைக்கு எடுத்து ஓட்டியவன்.

உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. விஷயத்தை டவாலிதான் சொன்னார். ஒரே மகள். பாகாலாவில் கட்டிக்கொடுத்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில் புருஷன் வீட்டில் ஏதோ பேச்சு வந்து, அம்மாவைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறாள். பாகாலாவில் ரயில் ஏறியதைப் பார்த்தவர்கள் உண்டு. புத்தூரில் இறங்கியதை ஒருவர் பார்த்தார். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை, அதனால் காரியமும் செய்யவில்லை. வீடு கிழக்குத் தெருக்கோடியில்.

நான் திடுக்கிட்டேன் என்று எழுத ஆசைதான். யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் எதுவும் இல்லை. எந்தக் கிராமத்தில்தான் தெருக்கோடியில் ஒரு வீடு இல்லை? எந்தக் கிராமத்தில்தான் திரும்பி வராத ஒரு பெண் இல்லை? அந்த அமெரிக்கக் கதை ஊர் ஊராகப் பிழைத்திருப்பது அதனால்தான். இதெல்லாம் பிற்பாடு தோன்றியது.

"அம்மா, அது கதைம்மா. அமெரிக்காவுல சொல்ற கதை."

"அமெரிக்காக்காரனுக்கு எங்க ஊர் பேரு எப்பிடித் தெரியும்?"

"ஊர் பேரை நான்தான் சேத்தேன். மேசை மேல ஒரு அர்ஜி இருந்தது, அதைப் பாத்துச் சொன்னேன்."

"அத்தினி ஊரு அர்ஜி வருது. அன்னிக்கி எங்க ஊருது எதுக்கு நைனா மேல இருந்தது?"

தபால் வரிசை என்று சொல்லலாம். சொன்னேன். என் காதுக்கே அது பதிலாகக் கேட்கவில்லை.

"இன்னா பொடவ கட்டிக்கினு இருந்தா? அதச் சொல்லு, போதும்."

"நான் பாக்கலைம்மா."

"ஈரமாகீதுன்னு சொன்னியாமே. மழையில பொடவ நெறம் தெரியாது. அதான் பாக்கல நீ." அவரே எனக்கு ஒரு சமாதானம் தேடிக் கொடுத்தார். "அட்ரஸு சரியா சொன்னாளா?"

"சித்தூர் ஜில்லா, புத்தூர் தாலூகா" என்று டவாலி இடையில் எடுத்துக்கொடுத்தார்.

அம்மாள் தலையாட்டினார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன். எங்கனா தொலஞ்சு பூட்டா இப்பிடிச் சொல்லுடீன்னு, சின்னதுல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தான் வந்த காரியத்தைச் சொன்னார். அதற்குத்தான் அத்தனை மைல் நடந்து வந்திருக்கிறார். "ஊரு மெட்ராஸ் பக்கம் போவுதுன்றாங்க. ஜில்லா மாறுது, தாலூகா மாறுதுன்றாங்க. அவ பழசத்தானே நைனா சொல்லுவா? ஏத்திக்கினு வர்றவன் எங்கன்னு எறக்குவான்?"

ஹெட்கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னும் மேலே அனுப்பாமல் என் மேசைமேல் கிடந்த அந்த அர்ஜி, சென்னையோடு சேரவேண்டும் என்று அந்தக் கிராமமே எழுதியது. எடுத்துப் பார்த்தேன். அம்மாளின் கைரேகையும் அதில் இருந்தது. எதற்கு என்று தெரியாமல் வைத்தாராம். எல்லோரும் வைத்தார்கள், வைத்தேன் என்றார். இப்போது அதை எடுத்துக்கொடு என்று கேட்டார். கூட்டு அர்ஜியிலிருந்து ஒரு கைரேகையை மட்டும் வாபஸ் வாங்க விதியில் வழி இல்லை. புதிதாக எதிர் அர்ஜி ஒன்று கொடுக்கலாம். அதற்குக் காரணம் வேண்டும். ஏற்கத்தக்க காரணங்கள் அப்போது மூன்று: மொழி, எல்லைத் தொடர்ச்சி, நிர்வாக சௌகரியம். செத்தவளோ பிழைத்தவளோ, ஒரு பெண் வீடு திரும்புவது இந்த மூன்றில் எதன் கீழ் வரும் என்று சிறிது நேரம் யோசித்தேன். 'நிர்வாக சௌகரியத்தை முன்னிட்டு' என்று எழுதினேன். அர்ஜிதாரரின் மகள் மேற்படி விலாசத்தை மட்டுமே அறிந்தவளாகையால் விலாசம் மாற்றப்படலாகாது. வாசித்துக் காட்டினேன். அம்மாள் கட்டைவிரலை மையில் அழுத்தி, இந்தத் தடவை எதற்கு என்று தெரிந்தே, வைத்தார்.

எண் கொடுத்து மேலே அனுப்பினேன். மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. 'பார்க்கப்பட்டது' என்று ஒரு சொல், ஒரு சுருக்கக் கையெழுத்து. இனி அந்தக் காகிதக் கட்டை என்ன செய்வது என்பது மட்டும் என் கையில் இருந்தது. இப்படிப்பட்ட அற்பக் காகிதங்களுக்கு 'எல்.டிஸ்.' என்று முத்திரை போட வேண்டும், சீக்கிரமே எரித்துவிடுவார்கள். 'ஆர்.டிஸ்.' போட்டால் ஆவண அறையில் என்றென்றும் இருக்கும். நான் ஆர்.டிஸ். போட்டேன். என் உத்தியோகத்தில் அது முதல் முறைகேடு. இரண்டாவதும் அந்த அம்மாள் விஷயத்தில்தான்.

இதற்கிடையில் டவாலி ஒரு சேதி கொண்டுவந்தார். "அந்தம்மா வாசப்படி மேல இருந்த பூசணிக்காய அவுத்து வீசிட்டாங்க, சார். அது தொங்கிக்கினு இருந்தா அவ எப்பிடி உள்ள வருவான்றாங்க. தெருவே திட்டுது. எங்க பொண்ணுங்க நடமாட்ற தெருவுல இன்னா வேல இதுன்னு."

எனக்கு அந்த அமெரிக்க அம்மையாரின் மேசைமேல் இருந்த பரங்கிக்காய் ஞாபகம் வந்தது. அந்தக் கதையிலும் பெண் வாசலோடு நின்றுவிடுகிறாள். அத்தனை வருஷம் கதையைக் கேட்டும், ஏன் உள்ளே வர முடியவில்லை என்று எங்களில் ஒருவர்கூடக் கேள்வி எழுப்பவில்லை. இந்த அம்மாள் கேட்டுவிட்டார். விடையையும் கண்டுபிடித்து, அவிழ்த்து வீசிவிட்டார்.

கடைசியில் எல்லை முடிவாயிற்று. அந்தக் கிராமம் சென்னைப் பக்கம் போயிற்று. கிராமக் கணக்குகளை மூட்டை கட்டிக்கொண்டு போய், அந்தப் பக்கத்து அதிகாரியிடம் பட்டியல்படி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவரும்படி என்னை அனுப்பினார்கள். ஆபீஸ் ஜீப்பில் பின் ஸீட்டு முழுவதும் மூட்டைகள், மேலே தார்ப்பாய். நானும் டவாலியும் முன்னால் டிரைவரோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வழியில் கோடை மழை ஒன்று பிடித்து, அரை மணியில் விட்டது.

கிராமச் சாவடியில் மூட்டைகளை இறக்கி, எண்ணி, கையெழுத்து வாங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. காலி ஜீப்பில் கிழக்குத் தெரு வழியாகத் திரும்பினோம். எல்லா வாசலிலும் அந்த முழிகண்களும் பற்களும் தொங்கிக்கொண்டிருந்தன. கடைசி வீட்டு நிலைக்கு மேலே கயிறு மட்டும் இருந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. அம்மாள் வாசலில் நின்றார்.

"எந்த வண்டி வந்தாலும் இப்பிடித்தான் சார், வந்து நிக்கறாங்க" என்றார் டவாலி.

டிரைவர் நிறுத்தினார். அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், கான்வாஸை விலக்கி, உள்ளே பார்த்தார். ஸீட்டின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஈரமாகீது" என்றார்.

மழை பெய்தது, கான்வாஸ் கிழிந்திருந்தது. ஆனால் கிழிசல் இடதுபக்கம். அவர் கை வைத்தது வலதுபக்கம். மூட்டைகளின் மேலும் தார்ப்பாய் போட்டிருந்தோம். இறக்கும்போது ஒரு மூட்டையும் நனைந்திருக்கவில்லை. வளைவில் ஜீப் சாயும்போது தண்ணீர் தார்ப்பாய்க்கு அடியில் வழிந்து வலதுபக்கம் சேரும் என்று டிரைவர் பிற்பாடு விளக்கினார். கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ள எனக்கு அவ்வளவு அவசரமாயிருந்தது.

அம்மாள் அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"எறக்கி உட்டுட்டியா, நைனா?"

என் கையில் அப்போது ஒப்படைப்புப் பட்டியல் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'பெற்றுக்கொண்டேன்'. நேரில் பார்க்காத ஒன்றுக்கு அதுவரை நான் சான்று கொடுத்ததில்லை.

"எறக்கி விட்டுட்டேன்மா."

"எங்க?"

"இங்கதான். உங்க வாசல்ல."

அம்மாள் வாசலுக்குத் திரும்பிப் போனார். யாரோ முன்னால் நுழைய வழிவிடுகிற மாதிரி நிலைப்படியில் ஒதுங்கி நின்றார். பிறகு தானும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு வருஷத்துக்கு மேலாகச் சாயங்காலத்தில் சாத்தாத கதவு அது என்று டவாலி ஊர் எல்லை தாண்டியபின் சொன்னார். புத்தூர் வரும்வரை எங்களில் ஒருவரும் பின்னால் போய் உட்காரவில்லை. முன் ஸீட்டிலேயே நெருக்கிக்கொண்டு வந்தோம்.

நல்ல காரியம் செய்ததாகச் சில மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பொய்தான், ஆனால் அந்த அம்மாளுக்கு அதனால் தூக்கம் வந்திருக்கும். அமெரிக்க அம்மையாருக்குக்கூட எழுதினேன். அவர் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். பதில் வந்தது. அந்தக் கதையை இனித் தாம் சொல்லப்போவதில்லை என்று எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை. அப்போது எனக்குப் புரியவில்லை.

புரியவைத்தது டவாலி. ஊருக்குப் போய்விட்டு வந்தவர், சந்தோஷ சமாசாரம் சொல்கிற முகத்தோடு வந்தார்.

"சார், அந்தம்மா தெளிஞ்சுட்டாங்க. துன்றாங்க, தூங்கறாங்க. வாசல்ல மறுபடியும் பூசணிக்கா கட்டிக்கினாங்க. பெரிசா, நல்லா பல்லு கில்லு எழுதி. தெருவுக்கே நிம்மதி."

"ஏன், இப்ப எதுக்குக் கட்டினாங்களாம்?"

"பொண்ணுதான் உள்ள வந்துடுச்சே, சார். இனிமே வேற எதுவும் வரக்கூடாதில்ல?"

நல்லது என்று சொல்லிவிட்டு ஒரு காகிதக் கட்டைப் பிரித்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. அன்று ஜீப்பில் யாரும் வரவில்லையென்றால், அவள் இன்னும் அந்தச் சாலையில்தான் இருக்கிறாள். ஏதோ ஒரு மழையில் எவனோ ஒருவன் நிறுத்தி ஏற்றிக்கொள்வான். சொல்லிக்கொடுத்தபடி சொல்லுவாள். எப்படியோ விசாரித்துக்கொண்டு அவனும் கிழக்குத் தெருக்கோடிக்கு வந்துவிடுவான். இறங்கி, நிலைக்கு மேலே தொங்குவதை நிமிர்ந்து பார்ப்பாள்.

தவறான உத்தரவை ரத்து செய்ய விதி உண்டு. தவறான பதிவைத் திருத்த விதி உண்டு. நான் கொடுத்த சான்றைத் திரும்பப் பெற, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் மகள் வரவில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும். ஏழெட்டு முறை புறப்பட்டேன். ஒருமுறை நாகலாபுரம் வரைகூடப் போனேன். பிறகு அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சேதி வந்தது.

அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த விலாசத்தில் இப்போது அந்த ஊர் இல்லை. அது சர்க்கார் செய்தது. வாசலில் அந்த முகத்தைத் திரும்பக் கட்டவைத்தது நான்.